அப்பாவோட வெப்ளி ரிவால்வர்: என்ன மாடல், என்ன விலை சொல்லலாம்?

தென்னந்தோப்பு | செவ்வாய், இரவு 9.40

எல்லாருக்கும் வணக்கமுங்க. இங்க எழுதறது இதுதான் முதல் தடவை.

அப்பா போன மாசியில தவறிட்டாருங்க. அவர் பேர்ல ஒரு ரிவால்வர் லைசென்ஸ் இருக்கு. தாத்தா வால்பாறையில எஸ்டேட் ரைட்டரா இருந்தவரு. சுதந்திரம் வந்த வருசம் துரை சீமைக்குக் கிளம்பறப்ப தாத்தா கையில எழுதிக் கொடுத்துட்டுப் போனதுன்னு அப்பத்தா சொல்லுவாங்க. தாத்தாவுக்கு அப்புறம் அப்பா பேருக்கு மாறுச்சு. தோப்புல பன்னி வரும், யானை வரும்னு வெச்சிருந்தாரே ஒழிய, எனக்குத் தெரிஞ்சு ஒரு ரவுண்டு சுட்டதில்லை. ஆயுத பூஜைக்கு எடுத்து எண்ணெய் போட்டுத் துடைச்சு, சந்தனம் குங்குமம் வெச்சு, திரும்ப உள்ள வெச்சிடுவாரு.

எனக்கு இதுல ஆர்வம் இல்லீங்க. அம்மாவுக்கு இது வீட்டுல இருக்கறதே பயம். தெரிஞ்சவர் மூலமா ஒருத்தர் 45,000 தர்றேங்கறாரு. சித்தப்பா, "வெப்ளின்னா லட்சக்கணக்குல போகும்டா, ஏமாந்துறாதே"ங்கறாரு. வெப்ளிங்கறது இங்கிலாந்துத் துப்பாக்கிக் கம்பெனி பேருன்னு மட்டும் தெரியும். லைசென்ஸ்ல ".32 ரிவால்வர், வெப்ளி"ன்னு நம்பரோட ஒரே வரிதான் இருக்கு. இது என்ன மாடல், என்ன விலை சொல்லலாம்னு எப்படிக் கண்டுபிடிக்கறது? போட்டோ நாளைக்குப் போடறேன்.

கறுப்புக்கோட்டு | செவ்வாய், இரவு 10.05

விலையெல்லாம் அப்புறம். துப்பாக்கி இப்ப எங்க இருக்கு?

தென்னந்தோப்பு | செவ்வாய், இரவு 10.11

வீட்டுலதானுங்க. பீரோவுல, அப்பா வேட்டி அடுக்குக்கு அடியில. பூட்டித்தான் வெச்சிருக்கோம்.

கறுப்புக்கோட்டு | செவ்வாய், இரவு 10.38

தம்பி, பதறாம படிங்க. ஆனா நாளைக்குக் காலையில முதல் வேலையா இதைத்தான் செய்யணும்.

லைசென்ஸ் அப்பாவுக்குக் கொடுத்தது, வீட்டுக்குக் கொடுத்ததில்லை. அவர் போன அன்னைக்கே அந்த வீட்டுல இருக்கிற யாருக்கும் அதை வெச்சிருக்க உரிமை இல்லாம போச்சு. ஆயுதச் சட்டம் 1959, பிரிவு 21. வீண் தாமதம் இல்லாம பக்கத்து ஸ்டேஷன்லயோ, லைசென்ஸ் உள்ள துப்பாக்கிக் கடையிலயோ ஒப்படைக்கணும். உங்களுக்கு மாசியில இருந்து ஆடி வரைக்கும் ஓடிப்போச்சு. துக்க வீட்டுல யாருக்கும் ஞாபகம் வராதுதான், நான் பார்த்த பாதி கேஸ் இப்படித்தான் வரும். நீங்களாப் போய் ஒப்படைக்கறது வேற, யாரோ புகார் கொடுத்து அவங்க வந்து எடுக்கறது வேற.

பையில போட்டு பைக்ல கிளம்பிடாதீங்க. முதல்ல ஸ்டேஷனுக்குப் போன் பண்ணி விவரம் சொல்லுங்க. எப்படிக் கொண்டுவரணும்னு அவங்களே சொல்லுவாங்க. அப்பா லைசென்ஸ், இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ் மூணும் கையில இருக்கட்டும். ரசீது வாங்காம வெளியே வராதீங்க.

ஒப்படைச்சா சொத்து போயிடாது. வாரிசுகள் சேர்ந்து, லைசென்ஸ் உள்ளவருக்கு வித்து பணத்தை வாங்கிக்கலாம்னு அதே பிரிவு 21 சொல்லுது. கெடு தாண்டிக் கிடப்புல போட்டாத்தான் பறிமுதலாகும்.

இன்னொண்ணு, அந்த 45,000 ஆளுக்கு லைசென்ஸ் இருக்கா?

தென்னந்தோப்பு | செவ்வாய், இரவு 10.52

கேக்கலீங்களே. "காசு கையில வாங்கிக்கோங்க, பேப்பரெல்லாம் மெதுவாப் பாத்துக்கலாம்"னாரு.

பழைய_இரும்பு | செவ்வாய், இரவு 11.20

அந்த ஆளோட போன் நம்பரை முதல்ல அழிங்க தம்பி. நாளைக்கு அந்தத் துப்பாக்கி எங்கயாவது வெடிச்சா, நம்பர் பிடிச்சு நேரா உங்க அப்பா பேருக்குத்தான் வருவாங்க.

நான் மதுரையில ஒரு துப்பாக்கிக் கடையில 31 வருசம் வேலை பார்த்தவன். இப்ப வீட்டுல பேரனோட தண்ணித் துப்பாக்கி ரிப்பேர்தான். ஒப்படைச்சுட்டு வாங்க, மாடல் பார்க்கறது எப்படின்னு சொல்றேன்.

மட்டுறுத்துநர் | புதன், காலை 7.15

வரிசை எண் தெரியற மாதிரி போட்டோ போட வேண்டாம். முழு எண்ணையும் எழுத வேண்டாம். முத்திரைகளை வார்த்தையில சொன்னாலே போதும். இந்த இழையில "நான் வாங்கிக்கறேன்"னு யாரும் எழுதக் கூடாது. விற்பனைப் பேச்சு வந்தா இழையை மூடிடுவோம்.

குறும்பன் | புதன், காலை 8.02

ஆயுத பூஜைக்கு நிஜ ஆயுதம் வெச்ச வீட்டை இப்பத்தான் பார்க்கறேன். எங்க வீட்டுல அருவாமனையும் ஸ்க்ரூ டிரைவரும்தான்.

ஓய்வு_ஹவில்தார் | புதன், காலை 9.30

வேலூர்ப் பக்கம் நான். பட்டாளத்துல ஆர்மரர் வேலை, துப்பாக்கி பழுது பார்க்கறது. சின்ன ஆயுதம் எல்லாம் இந்தக் கைவழியாப் போனதுதான்.

தம்பி, லைசென்ஸ்ல ".32"னு இருக்குன்னு அதையே நம்பிடாதீங்க. அந்தக் காலத்துல குமாஸ்தா காதுல விழுந்ததை எழுதினதும் உண்டு. வெப்ளியில .32 இருக்கு, .38 இருக்கு, .455 இருக்கு, எல்லாம் குழல் அளவு, அங்குலக் கணக்குல. தூரத்துல பார்த்தா அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். சட்டத்துல ஒருத்தனுக்கும் இன்னொருத்தனுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை.

.380, .455 தோட்டா போகிற ரிவால்வர் தடை செய்யப்பட்ட "போர்" (bore), அதாவது குழல் அளவு. நாங்க பிபின்னு சொல்லுவோம். பட்டாளத்துத் தோட்டா அதுல ஓடும்ங்கறதுதான் காரணம். அதுக்கு லைசென்ஸ் டெல்லியில உள்துறை அமைச்சகம் கொடுக்கணும். .32 அந்தப் பட்டியல்ல இல்லை, தடை இல்லாத போர், என்பிபி. மாவட்டத்துல கலெக்டரே கொடுக்கலாம், சென்னையில போலீஸ் கமிஷனர். அதனால .32-க்கு வாங்கற ஆள் இருக்கான். .380-க்கு ஆளைத் தேடி அலையணும்.

எங்க மேஜர் ஒருத்தர் வீட்டம்மா இப்படித்தான். புருசன் விட்டுட்டுப் போன வெப்ளி, கண்ணாடி மாதிரி இருந்துச்சு. பையன் அமெரிக்காவுல இருந்து நெட்ல பார்த்துட்டு, "அம்மா, புதையல்"னான். உடம்புல "மார்க் 4 .38", பக்கத்துல "145/200"னு அடிச்சிருந்துச்சு. அந்த ரெண்டு எண்ணும் தோட்டாக் குண்டோட எடை, கிரெயின் கணக்குல. அதைப் பார்த்ததுமே இது பட்டாளத்துத் தோட்டா போகிற பிபின்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு. ஒன்றரை வருசம் வாங்க ஆள் வரலை. கடைசியில சரண்டர் பண்ணிட்டாங்க, கையில காலணா வரலை.

டல்லாஸ்_மணி | புதன், மாலை 6.45

ஹவில்தார் ஐயா சொன்ன அதே .38-ஐ இங்க டெக்சஸ்ல சேகரிக்கறவங்க தேடி வாங்குவாங்க. இரண்டாம் உலகப் போர்ல அவசரத்துக்கு மெருகு போடாம அனுப்பினதுல "வார் ஃபினிஷ்"னு அடிச்சிருக்கும், அதுக்குத் தனி மவுசு. மாறா .32 வெப்ளியைச் சில நூறு டாலருக்கு ஏலத்துல போறதைப் பார்த்திருக்கேன். நம்ம ஊர்ல நேர் எதிரா இருக்கு!

இங்க விக்கறவங்களுக்கு எல்லாரும் சொல்ற முதல் பாடம்: பழசை மெருகேத்தாதே. ஒரிஜினல் நீலம் (இரும்பு மேல ஃபேக்டரியில ஏத்தின கருநீலப் பூச்சு) தேஞ்சு போயிருந்தாலும் அதுக்குத்தான் விலை.

பழைய_இரும்பு | புதன், இரவு 9.10

மணி தம்பி சொன்னது பாதி சரி. அமெரிக்காவுல வாங்கறவன் பழமைக்குக் காசு கொடுக்கறான். இங்க வாங்கறவன் கிடைக்காததுக்குக் காசு கொடுக்கறான். 1980-கள் நடுவுல வெளிநாட்டுத் துப்பாக்கியைச் சாதாரண ஆள் இறக்குமதி பண்றதுக்குக் கதவைச் சாத்தியாச்சு. அதுக்கு முன்னாடி உள்ள வந்ததுதான் திரும்பத் திரும்பக் கை மாறுது. அதுல .32-ங்கறது சுலபமா லைசென்ஸ் கிடைக்கிற போர், தோட்டாவும் உள்நாட்டுலயே, புனே பக்கம் கட்கி ஃபேக்டரியில செய்யறான். அதனாலதான் டல்லாஸ்ல சில நூறு டாலர் சாமானுக்கு இங்க லட்சத்துல பேச்சு.

பழைய நீலத்தைத் தொடாதீங்கங்கறது மட்டும் இங்கயும் செல்லும், ஆனா காரணம் வேற. பட்டறையில கொடுத்துப் பாலிஷ் போட்டா, அடிச்ச எழுத்தோட ஓரம் மழுங்கிடும். நம்பர் மழுங்கின துப்பாக்கியை எந்தக் கடைக்காரனும் நிம்மதியா வாங்க மாட்டான், யாரோ அழிக்கப் பார்த்தாங்களோன்னு நினைப்பான். எழுத்து ஓரம் கூர்மையா, நகத்துக்குத் தட்டுப்படணும். ஸ்க்ரூ தலையையும் பாருங்க. பள்ளம் பிஞ்சிருந்தா யாரோ வீட்டுல கழட்டிப் பார்த்திருக்கான்னு அர்த்தம்.

தென்னந்தோப்பு | வெள்ளி, இரவு 8.30

ஒப்படைச்சாச்சுங்க. வக்கீல் அண்ணா சொன்ன மாதிரியே போன் பண்ணினேன். ஏட்டு ஒருத்தர் வீட்டுக்கே வந்தாரு. "அஞ்சு மாசமா என்ன பண்ணினீங்க"ன்னு ஒரு முறை முறைச்சாரு, அப்புறம் அப்பாவைத் தெரியும்னு சொல்லி அம்மா கொடுத்த காப்பியைக் குடிச்சாரு. ரசீது வாங்கியாச்சு. ஸ்டேஷன்ல கடிதம் வாங்கி, அவங்க மூலமாவே கோயமுத்தூர்ல ஒரு துப்பாக்கிக் கடையில வெச்சிருக்கோம். நாளைக்கு மத்தியானம் போய்ப் பார்க்கலாம்னு கடைக்காரர் சொல்லிட்டாரு. என்னென்ன பார்க்கணும்னு சொல்லுங்க, எழுதிட்டுப் போறேன்.

பழைய_இரும்பு | வெள்ளி, இரவு 10.15

நல்லது. கையில நீங்க எடுக்காதீங்க, கடைக்காரரையே மடக்கித் திறக்கச் சொல்லுங்க. வெப்ளி நடுவுல ஒடியும், கட்டைவிரல் பக்கம் ஒரு நெம்பு இருக்கும். காலியா இருக்குன்னு நீங்களும் எட்டிப் பார்த்துக்கோங்க. அப்புறம்தான் மத்தது.

முதல்ல பேர். "வெப்ளி அண்ட் ஸ்காட் லிமிடெட், பர்மிங்காம்"னு இருந்தா 1906-க்கு அப்புறம். 1897-ல மூணு கம்பெனி ஒண்ணா சேர்ந்தப்ப "ரிவால்வர் அண்ட் ஆர்ம்ஸ் கம்பெனி"ன்னு நீளமா ஒரு பேர் வெச்சான், 1906-ல சுருக்கினான். அந்த நீளப் பேர் இருந்தா கிழவன். சிறகு முளைச்ச தோட்டா மாதிரி ஒரு முத்திரை இருக்கும், அது வெப்ளியோடது.

அடுத்தது சோதனை முத்திரை, வெடி அழுத்தத்தைத் தாங்குமான்னு சோதிச்சு அடிக்கறது. பேரல்லயும் (குழல்) சிலிண்டர்லயும் (தோட்டா போடற உருளை) குட்டிக் குட்டிக் கிரீடம் தெரியும், லென்ஸ் வேணும். கிரீடத்துக்குக் கீழ பிவி, என்பின்னு ரெண்டு ரெண்டு எழுத்தாத் தனித்தனியா இருந்தா பழசு. ஒரே கிரீடத்துக்குக் கீழ பிஎன்பின்னு மூணும் சேர்ந்திருந்தா இங்கிலாந்தோட 1954 சோதனை விதிக்கு அப்புறம் சோதிச்சது. அதோட தோட்டா அளவும் "டன்"னு முடியற ஒரு எண்ணும் இருக்கலாம். ".38 .767 3½ டன்"னு பார்த்தீங்கன்னா ஹவில்தார் சொன்ன சமாசாரம்தான். .767-ங்கறது .38 தோட்டாக் கூட்டோட நீளம், அங்குலத்துல.

எழுத்தையே உத்துப் பாருங்க. எழுத்து கோணல் மாணலா, ஆங்கில "என்" திரும்பிக்கிட்டு, ஸ்பெல்லிங் தப்பா இருந்தா அது கைபர் கணவாய்ப் பக்கம் தர்ரா பட்டறையில அடிச்ச நகல். வட இந்தியாவுல இருந்து வந்த சிலதுல நானே பார்த்திருக்கேன். இன்னும் சிலது வெப்ளி மாதிரியே மடங்கும், ஆனா முட்டை வடிவ முத்திரைக்குள்ள "இஎல்ஜி"ன்னு இருக்கும். அது பெல்ஜியத்து லீஜ் ஊர். பிடியில ஆந்தைத் தலை இருந்தா அமெரிக்காவோட ஐவர் ஜான்சன் கம்பெனி. இதெல்லாம் வீட்டுல "வெப்ளி"ன்னுதான் பேர் சொல்லிட்டு இருப்பாங்க.

கடைசியா நம்பர். ஃபிரேம் (நடு உடம்பு), பேரல், சிலிண்டர் மூணுலயும் ஒண்ணா இருக்கா? லைசென்ஸ்ல இருக்கிறதோட ஒத்துப்போகுதா? ஒரு எண் மாறினாலும் அன்னைக்கு வியாபாரம் நின்னுடும்.

ஓய்வு_ஹவில்தார் | சனி, காலை 6.50

அகலமா ஒரு அம்புக்குறி இருக்கான்னும் பாருங்க. அது பிரிட்டிஷ் சர்க்கார் சொத்து அடையாளம். ரெண்டு அம்பு மூக்கோட மூக்கு இடிச்ச மாதிரி இருந்தா, சர்க்கார் முறைப்படி வெளியே வித்ததுன்னு அர்த்தம். ஒத்தை அம்பு மட்டும் இருந்தா அது எப்படி வெளியே வந்துச்சுன்னு கேள்வி வரும்.

அப்புறம் ஆரோக்கியம். மடக்கி மூடினதும் பேரலை லேசா ஆட்டினா கீல்ல லொடலொடப்பு இருக்கக் கூடாது. ஹேமரை (பின்னாடி இருக்கிற சுத்தி) மெதுவா இழுத்தா, அது முழுசா நிக்கறதுக்குள்ள சிலிண்டர் தன் இடத்துல "டக்"னு உக்காரணும். ஆறு அறையையும் தனித்தனியாப் பார்க்கச் சொல்லுங்க, அஞ்சு சரியா இருந்து ஒண்ணு நொண்டும். பேரலுக்கு உள்ளே வெள்ளைத் துணி விட்டு வெளிச்சத்துல பாருங்க. கறுப்பா இருந்தா அழுக்கு, துணி இழுத்தா போயிடும். அம்மைத் தழும்பு மாதிரி குழி இருந்தா அது துரு தின்னது, திரும்பி வராது.

பேரல் நீளம் அளக்கறப்ப சிலிண்டரைச் சேர்க்காதீங்க. சிலிண்டர் முகத்துல இருந்து வாய் வரைக்கும்தான்.

தென்னந்தோப்பு | சனி, இரவு 9.55

போயிட்டு வந்துட்டேனுங்க. கடைக்காரர் நல்ல மனுசன், வாட்ச் ரிப்பேர்காரங்க கண்ணுல மாட்டற லென்ஸைக் கொடுத்துப் பார்க்கச் சொன்னாரு.

சிறகு வெச்ச தோட்டா இருக்கு. "வெப்ளி அண்ட் ஸ்காட் லிமிடெட், பர்மிங்காம்" இருக்கு. "மார்க்" போட்டு ரோமன் நாலு, பக்கத்துல .32. பேரல் 3 அங்குலம். பிடி கறுப்பு, கட்டம் கட்டமா இருக்கு. அம்புக்குறி எதுவும் இல்லை.

நம்பர் பார்க்கறப்பதான் எனக்கு வயித்தைக் கலக்கிருச்சு. ஃபிரேம்லயும் பேரல்லயும் கடைசி எண் 8. சிலிண்டர்ல 3! கடைக்காரரும் ஒண்ணும் பேசாம லைசென்ஸை ரெண்டு தடவை பார்த்தாரு. அப்புறம் பழைய டூத் பிரஷ்ஷை எண்ணெயில தொட்டுத் தேய்ச்சாரு, துணியில துடைச்சாரு. பாதி எட்டை அழுக்கு மூடியிருந்திருக்கு. குங்குமமும் எண்ணெயும் சேர்ந்து கெட்டியாப் போன அழுக்கு. துணியில செவப்பா வந்துச்சுங்க. அதைப் பார்த்ததும் என்னமோ மாதிரி ஆயிருச்சு.

குறைன்னு சொல்லணும்னா, இடது பக்கம் ஃபிரேம்ல சரியா வட்டமா, கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு துருக் குழி. அதுக்கு வெளியே எல்லாம் நீலம் நல்லாத்தான் இருக்கு. "இதென்ன இவ்வளவு ரவுண்டா இருக்கு"ன்னு கடைக்காரர் கேட்டாரு. சந்தனப் பொட்டு! வருசா வருசம் அதே இடத்துல வெச்சிருக்காரு, ஈரத்தோட உறையில போட்டு பீரோவுல வெச்சிருக்காரு.

பிடிக்கு அடியில வெள்ளைப் பெயின்ட்ல ஒரு குட்டி எண்ணும் இருக்குங்க. அது என்ன?

கிரீடம் பார்த்தேன். ஒரே கிரீடம், கீழ பிஎன்பி.

பழைய_இரும்பு | சனி, இரவு 10.40

பெயின்ட் எண் எலெக்‌ஷன் டெபாசிட்டுக்காக இருக்கும். தேர்தல் அறிவிச்சதும் ஸ்டேஷன்ல கொண்டுபோய்க் கொடுக்கறப்ப மாறிடக் கூடாதுன்னு இப்படி அடையாளம் போடறது உண்டு. அந்த ரசீதுகள் வீட்டுல இருந்தா தூக்கிப் போடாதீங்க, இத்தனை வருசமா ஒழுங்கா இருந்ததுக்கு அதுவே சாட்சி.

சந்தனத்தைவிட உறைதான் பெரிய எமன் தம்பி. தோல் உறைக்குள்ள வெச்சுப் பூட்டினா தோல் ஈரத்தைக் குடிச்சு இரும்புக்கு ஊட்டும். உறையைத் தனியாத் தொங்கவிடணும், துப்பாக்கியை எண்ணெய்த் துணியில சுத்தணும்.

பிஎன்பின்னா... துரை கதை கொஞ்சம் இடிக்குதே? 1954-க்கு அப்புறம் சோதிச்ச துப்பாக்கியை 1947-ல எப்படிக் கொடுத்துட்டுப் போனாரு?

தென்னந்தோப்பு | சனி, இரவு 10.58

ஐயோ, ஆமாங்க! எனக்கு இது தோணவே இல்லை.

குறும்பன் | சனி, இரவு 11.03

துரை திரும்பி வந்து கொடுத்துட்டுப் போயிருப்பாரு.

தென்னந்தோப்பு | ஞாயிறு, மாலை 4.20

காலையில இருந்து பரண் மேல ஏறித் தேடி, தாத்தாவோட பழைய லைசென்ஸ் புத்தகத்தை எடுத்துட்டேன். கரையான் ஒரு ஓரத்தைத் தின்னிருக்கு. 1878 ஆயுதச் சட்டத்துக்குக் கீழ கொடுத்தது. 1961-ல மெட்ராஸ்ல ஒரு கடையில புதுசா வாங்கினதா கடை முத்திரையோட பதிவு இருக்கு. நம்பர் இதேதான்.

ஆக, துரையும் இல்லை, ஒண்ணும் இல்லை. ரைட்டர் சம்பளத்துல தாத்தா காசு கொடுத்துத்தான் வாங்கியிருக்காரு. அப்பத்தாகிட்ட ஏன் கதை விட்டாருன்னு நினைச்சா சிரிப்பு வருது. காசு எவ்வளவு ஆச்சுன்னு கேட்டிருப்பாங்க, அதுக்குப் பயந்துதான் இருக்கும்னு அம்மா சொல்றாங்க.

கறுப்புக்கோட்டு | ஞாயிறு, மாலை 5.00

துரை கதையைவிட இந்தப் புத்தகம்தான் உங்களுக்குக் காசு. 1961 கடைப் பதிவு, தாத்தா பேர்ல இருந்து அப்பா பேருக்கு மாற்றம், நடப்பு லைசென்ஸ்னு சங்கிலி அறுபடாம இருக்கு. அப்பா லைசென்ஸ்ல யூஐஎன் (லைசென்ஸ்தாரருக்கு சர்க்கார் கொடுக்கற தனி அடையாள எண்) ஏறியிருக்கான்னு மட்டும் பாருங்க.

பழைய_இரும்பு | ஞாயிறு, இரவு 8.45

இப்ப விலைக்கு வரலாம். நான் கடையில எப்படிப் பார்ப்பேன்னு சொல்றேன்.

முதல்ல கான்பூர் .32 புதுசு என்ன விலைன்னு பார்ப்பேன். சர்க்கார் ஃபேக்டரி சாமான், அதுதான் அளவுகோல். 2014-ல பெண்களுக்குன்னு "நிர்பீக்"னு ஒரு லேசான .32 விட்டாங்களே, அதுக்கே அப்ப 1,22,360 ரூபாய். புதுசுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதம் இருந்தது, 2025 செப்டம்பர்ல 40 ஆயிடுச்சு. புதுசு ஏற ஏறப் பழசும் கூடவே ஏறும். இங்கிலாந்துச் சாமான்னா அதுக்கு மேல ஒரு படி. உள்ள பேரல் சுத்தமா இருந்து நம்பர் எல்லாம் ஒத்துப்போனா இன்னொரு படி. சந்தனக் குழிக்குக் கொஞ்சம் கழியும், ரொம்ப இல்லை. கீலும், சிலிண்டர் "டக்"னு உக்கார்ற டைமிங்கும் சரியா இருந்தா மேல் தழும்பை யாரும் பெருசாப் பேச மாட்டாங்க.

ஆனா ஒண்ணு. ஆயுதச் சட்டத்தோட 2019 திருத்தத்துல, ஒருத்தர் மூணு துப்பாக்கி வெச்சுக்கலாம்ங்கறது ரெண்டாக் குறைஞ்சுபோச்சு. மூணு வெச்சிருந்தவன் ஒண்ணை வெளியே தள்ளினான், வாங்கற ஆளுக்கும் இடம் சுருங்கிருச்சு. கையில காசு இருக்கும், லைசென்ஸ்ல இடம் இருக்காது. நம்ம பக்கம் வாங்கற ஆள் கம்மி. வடக்கே அப்படி இல்லை, உத்தரப்பிரதேசத்துல மட்டும் 2016 கணக்குக்கு 12.77 லட்சம் லைசென்ஸ்.

டல்லாஸ்_மணி | ஞாயிறு, இரவு 9.30

உத்தரப்பிரதேசத்துல ஹர்தோய் பக்கம் இப்ப வெப்ளி .32-ஐ இந்தியாவுலயே செய்யறாங்களே? அதனால பழசுக்கு விலை இறங்காதா?

பழைய_இரும்பு | ஞாயிறு, இரவு 9.52

சிலர் அப்படிச் சொல்றாங்க. எனக்கு ஒப்புதல் இல்லை. மேல இருக்கிற பேர் ஒண்ணுதான், ஆனா வாங்கறவன் கேக்கறது பர்மிங்காம் கிரீடத்தை. அம்பாசடரை வெச்சிருக்கிறவன் அதே பேர்ல புது வண்டி வந்தா வித்துடுவானா?

ஓய்வு_ஹவில்தார் | திங்கள், காலை 7.10

இரும்பு ஐயா, அம்பாசடர் ஓடினாத்தான் விலை. அறுபது வருசமா சுடாத துப்பாக்கி. வாங்கறவன் முன்னாடி ரேஞ்சுல நாலு ரவுண்டு போட்டுக் காட்டினா விலை கூடும்னு நான் சொல்லுவேன்.

பழைய_இரும்பு | திங்கள், காலை 9.00

வேண்டாம் ஹவில்தார். ஸ்பிரிங் அறுபது வருசத்துப் பழசு, சுடறப்ப ஒடிஞ்சா வெப்ளி ஸ்பிரிங்குக்கு எங்க போறது? காலியா வெச்சுத்தான் காட்டுவேன். வாங்கினவன் சுட்டுப் பார்த்துக்கட்டும்.

தென்னந்தோப்பு | புதன், இரவு 8.15

கடைக்காரர் விலை சொல்லிட்டாருங்க. அவரே எடுத்துக்கிட்டா ஒண்ணே முக்கால். கடையில வெச்சு ஆள் பார்த்து விக்கச் சொன்னா ரெண்டரைக்கு முயற்சி பண்றேன், அதுல தனக்குப் பத்து சதவீதம், ஆனா எத்தனை மாசம் ஆகும்னு சொல்ல முடியாதுங்கறாரு. அந்த 45,000-ஐ நினைச்சா இப்பவும் பகீர்னு இருக்கு.

கறுப்புக்கோட்டு | புதன், இரவு 8.50

எதுன்னாலும் முதல்ல கலெக்டர் ஆபீசுக்கு எழுத்துல தகவல் கொடுங்க. யாருக்கு, எந்தத் துப்பாக்கி, வாங்கறவர் லைசென்ஸ் எண் எல்லாம் போட்டு. கொடுத்த நாள்ல இருந்து 45 நாள் முடியணும், பிரிவு 5. நகல்ல சீல் வாங்கி வெச்சுக்கோங்க. அம்மா, அக்கா தங்கச்சி யாராவது இருந்தா அவங்க சம்மதக் கையெழுத்தும் வேணும்.

வித்துத்தான் ஆகணும்னும் இல்லை. வாரிசு யாராவது தன் பேருக்கு லைசென்ஸ் கேட்கலாம், 2016 ஆயுத விதிகள்ல 25-வது விதி அதுக்குத்தான். வீட்டுல கேட்டுட்டீங்களா?

தென்னந்தோப்பு | புதன், இரவு 9.20

தங்கச்சிகிட்ட கேட்டேனுங்க. "அந்தச் சந்தனப் பொட்டு மட்டும் வேணும், மிச்சத்தை வித்துடு"ன்னா. ஒண்ணே முக்காலுக்கே கொடுத்துடலாம்னு அம்மா சொல்றாங்க. மாசக்கணக்குல காத்திருக்க அவங்களுக்குத் தெம்பு இல்லை. சீக்கிரம் முடிஞ்சா போதும்னு எனக்கும் இருக்கு.

பழைய_இரும்பு | புதன், இரவு 9.41

தாராளமாக் கொடுங்க. அம்பது அறுபதாயிரம் கூட வரும்னு ஆறு மாசம் அலையறதுக்கு இது தேவலை. உறையையும் 1961 புத்தகத்தோட நகலையும் சேர்த்துக் கொடுங்க. அசல் புத்தகத்தை ஆபீஸ்ல கேட்டா மட்டும் காட்டுங்க, தாத்தா கையெழுத்து இருக்குமே அதுல.

தென்னந்தோப்பு | வியாழன், காலை 10.05

இன்னொரு சந்தேகமுங்க. அம்மா இன்னைக்குப் பீரோவை ஒழிச்சப்ப மேல்தட்டுல ஒரு பழைய பிஸ்கட் டப்பா கிடைச்சுது. உள்ள பஞ்சு சுத்தி ஒம்பது தோட்டா. பித்தளை பச்சை பூத்துக் கிடக்கு, பின்னாடி கைனாக்குன்னு (தோட்டாக் கம்பெனி பேராம்) எழுத்து தெரியுது. இதுக்கு ஏதாவது விலை உண்டா, இல்ல குப்பையில போட்டுடலாமா?

கறுப்புக்கோட்டு | வியாழன், காலை 10.07

ரெண்டும் இல்லை! டப்பாவை அப்படியே வெச்சுட்டு ஸ்டேஷனுக்குப் போன் பண்ணுங்க. தோட்டாவும் அதே சட்டம்தான்.

ஓய்வு_ஹவில்தார் | வியாழன், காலை 10.30

தேய்க்காதீங்க, வெயில்ல வைக்காதீங்க. பச்சை பூத்தது பித்தளைக்கு வெளியே, உள்ள மருந்து எப்படி இருக்கோ யார் கண்டா.

கோவை_வேட்டை | வியாழன், மதியம் 12.40

சார், என்கிட்ட ஆல் இந்தியா லைசென்ஸ் இருக்கு, ஒரு இடம் காலி. ரெண்டு லட்சம் தர்றேன். தனிச்செய்தி பாருங்க.

மட்டுறுத்துநர் | வியாழன், மதியம் 12.52

முதல்லயே சொல்லியிருந்தோம். மேலே உள்ளவருக்கு ஒரு மாதத் தடை. தென்னந்தோப்பு, தனிச்செய்தியில யார் எண் கேட்டாலும் கொடுக்காதீங்க. இழை மூடப்பட்டது.